ஹம்பர்க்கிலிருந்து நோர்ட்காப் வரை பைக்கில், டென்டோடு: இரண்டு பேருக்கு 16 நாள் போதுமா?

புதுப்பாதை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. நானும் என் நண்பனும் ஜூன் 20 முதல் ஜூலை 5 வரை விடுப்பு எடுத்திருக்கிறோம், மொத்தம் 16 நாள். ஹம்பர்க்கில் கிளம்பி டென்மார்க், சுவீடன், பின்லாந்து வழியாக நார்வேயின் வட கோடியில் இருக்கும் நோர்ட்காப் போய்ச் சேர்ந்து, திரும்பும்போது நார்வேயின் மேற்குக் கரையில் மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகும் ஃபியோர்டுகளைப் பார்த்துக்கொண்டே இறங்கி வருவதாகத் திட்டம். வரைபடத்தில் போட்டால் எல்லாம் சேர்த்து 6,200 கிலோமீட்டர் காட்டுகிறது. பதினாறால் வகுத்தால் ஒரு நாளைக்கு 390 வருகிறது, ஜெர்மன் நெடுஞ்சாலையில் அது அரை நாள் ஓட்டம்தானே என்று நினைக்கிறேன்.

என்னுடையது 800 சிசி வண்டி, நான் ஓட்டத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. அவனுடையது 500 சிசி, போன வருடம்தான் உரிமம் எடுத்தான், ஒரே நாளில் இதுவரை அதிகபட்சம் 250 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான். எங்களுக்குள் பத்து வருடப் பழக்கம், ஆனால் இவ்வளவு நாள் சேர்ந்து பயணம் போனதில்லை.

விடுதிக்குச் செலவு செய்ய முடியாது, அதனால் எல்லா இரவும் டென்ட்தான். அங்கே எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார்களே, அது உண்மையா? இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டென்ட் போதுமா? 16 நாளில் இது முடியுமா? போய் வந்தவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.


நெடுவழி எழுதியது:

தம்பி, உங்கள் கணக்கில் டென்ட் விட்டுப்போய்விட்டது.

காலையில் எழுந்து காபி போட்டு, ஸ்லீப்பிங் பேகைப் பைக்குள் திணித்து, ஊதும் பாயின் காற்றைப் பிதுக்கிச் சுருட்டி, டென்ட் மேல் இருக்கும் ஈரத்தைத் துணியால் துடைத்து (துடைத்தாலும் ஈரமாகத்தான் உள்ளே போகும்), எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் பட்டை போட்டு இறுக்கி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். மாலையில் கடை மூடுவதற்குள் சாப்பாட்டுச் சாமான் வாங்கி, இடம் தேடி, கூடாரம் அடித்து, சமைத்துப் பாத்திரம் கழுவ இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஆக ஒரு நாளில் மூன்று மணி நேரம் வண்டி ஓடாமலேயே போய்விடும். நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் வரைபடம் சொல்லாது.

அப்புறம் அந்த 390 கிலோமீட்டர். நார்வேயில் ஊருக்கு வெளியே பொதுவான வேக வரம்பே 80 தான், ஊருக்குள் 50. மீறினால் அபராதம் மிகக் கடுமை, ஒரு தடவை மாட்டினால் பயணத்தின் பாதிச் செலவு அதிலேயே போய்விடும். மேற்குக் கரையில் வளைவு, படகு, சுரங்கப்பாதை, வழியில் நின்று பார்க்காமல் போகவே முடியாத அருவிகள் என்று எல்லாம் சேர்ந்து என் சராசரி மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதே இல்லை. அப்படியானால் 390 என்பது எட்டு மணி நேரம் இருக்கையில். அதோடு டென்டுக்கு மூன்று, பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு. மூன்று நாள் தாங்கலாம். பதினாறு நாள் தாங்காது, அதிலும் 250 தாண்டி ஓட்டாத ஒருவருக்கு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏழு வருடத்துக்கு முன் நானும் ஒரு நண்பரும் இதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஆறாவது நாள், ஈ6 சாலையில் சால்ட்ஃபியெல் மலைமேடு, ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும் இடம். ஜூன் மாதம்தான், ஆனால் நான்கு டிகிரி, பக்கவாட்டில் மழை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய்விட்டேன், கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. அடுத்த பெட்ரோல் பங்கில் அவருக்காக இருபது நிமிடம் நின்றேன். வந்தார், வண்டியை நிறுத்தினார், ஆனால் கைப்பிடியிலிருந்து விரல்கள் பிரியவில்லை. கிளவுஸை நான்தான் ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினேன். அவரால் ஹெல்மெட் கொக்கியைக்கூட அவிழ்க்க முடியவில்லை, தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார், நான் அவிழ்த்தேன். தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைத் திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ஒரு கேம்ப்பிங் இடத்தில் சின்ன மரக் குடில் எடுத்து, ஹீட்டரைச் சுற்றி எல்லாவற்றையும் காயப்போட்டுவிட்டு, நோர்ட்காப்பைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். மறுநாள் போடோவில் கப்பல் ஏறி மோஸ்கெனெஸில் இறங்கி, லோஃபோடன் தீவுகளிலேயே ஐந்து நாள் இருந்தோம். அந்த ஐந்து நாளைப் பற்றி நாங்கள் இன்றும் பேசுவோம். அதற்கு முந்தைய ஆறு நாளில் எனக்கு நினைவிருப்பது சாலையின் நடுக்கோடு மட்டும்தான்.

அதனால் நான் சொல்வது, நோர்ட்காப்பை இன்னொரு வருடத்துக்கு வையுங்கள். ஹம்பர்க்கிலிருந்து சுமார் 500 கி.மீ. ஓட்டி டென்மார்க்கின் வடக்கே இருக்கும் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகம் போனால், அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான கப்பல் பயணத்தில் நார்வேயின் கிறிஸ்டியான்சாண்ட் வந்துவிடும். அங்கிருந்து 9-ஆம் எண் சாலையில் சேட்டஸ்டால் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே ஏறுங்கள். ஒட்டா ஊருக்குத் தெற்கே லோட்டஃபோசன் என்ற இரட்டை அருவி சாலையை ஒட்டியே விழுகிறது, பாலத்தைக் கடக்கும்போது சாரல் வைசரில் அடிக்கும். அப்புறம் ஹர்டாங்கர் பாலம், 2013-இல் திறந்தது. அதன் ஒரு முனை நேராக மலைக்குள் போய், சுரங்கத்துக்குள்ளேயே நீல விளக்கு போட்ட ஒரு ரவுண்டானாவில் முடியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதே மறந்து ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன்.

அவுர்லாண்டிலிருந்து லார்டால் போக இரண்டு வழி. ஒன்று லார்டால் சுரங்கம், 24.5 கிலோமீட்டர், 2000-இல் திறந்தது, உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். இன்னொன்று அதற்கு மேலே மலை மீது போகும் பழைய சாலை, ‘பனிச்சாலை’ என்றே பெயர், 1,306 மீட்டர் உயரம் வரை ஏறும். ஜூன் கடைசியில்கூட இரு பக்கமும் ஆளுயரத்துக்குப் பனிச்சுவர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வானம் தெளிவாக இருந்தால் யோசிக்காமல் மேலே போங்கள். அப்புறம் 55-ஆம் எண் சாலையில் சோக்னஃபியெல் கணவாய், 1,434 மீட்டர், வட ஐரோப்பாவிலேயே உயரமான மலைச்சாலைக் கணவாய். அங்கிருந்து லோம், கெய்ராங்கர், ட்ரோல்ஸ்டீகன். ட்ரோல்ஸ்டீகனில் 11 கொண்டை ஊசி வளைவுகள், 1936-இல் திறந்த சாலை. பாறைச் சரிவு பயத்தால் இடையிடையே மூடுகிறார்கள், போவதற்கு முந்தின நாள் சாலைத் துறையின் தகவல் எண் 175-இல் கேட்டுவிடுங்கள். கடைசியாக அட்லாண்டிக் சாலை, எட்டு கிலோமீட்டரில் எட்டுப் பாலங்கள். இவ்வளவும் ஒரு நாளைக்கு 200, 220 என்று ஓட்டினாலே முடியும். நடுவில் மூன்று நாள் வண்டியைத் தொடாமல் இருக்கலாம்.

ஒரே ஒரு விதி. உங்கள் நண்பர் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். எல்லா நாளும்.


துருவவெளிச்சம் எழுதியது:

நெடுவழி அண்ணன் சொன்ன கணக்கு மேற்கு நார்வேக்குச் சரி. சுவீடனின் உட்பகுதிக்கு அது பொருந்தாது, அதைச் சொல்லத்தான் வந்தேன். நோர்ட்காப்தான் மனதில் இருக்கிறது என்றால் அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் மாலை கப்பல் ஏறினால் மறுநாள் காலை சுவீடனின் யோட்டபோரி (கோதன்பர்க்). அங்கிருந்து ஈ45 சாலை மூரா, ஒஸ்டர்சுண்ட், ஆர்விட்ஸ்யௌர், யோக்மோக் என்று காட்டின் நடுவே நேராக வடக்கே போகிறது. ஒஸ்டர்சுண்டைத் தாண்டிவிட்டால் வண்டியே குறைவு, ஏரியும் பைன் மரமும் மாறி மாறி வரும், ஒரு நாளில் 400 கிலோமீட்டர் அங்கே உடம்பை அவ்வளவாக வருத்தாது. சிலருக்கு அது சலிப்பு. எனக்கு அந்த வழிதான் பயணமே. இரண்டாம் நாளுக்கு மேல் மனதில் வேறு எதுவும் ஓடாது, இன்ஜின் சத்தமும் அடுத்த பெட்ரோல் பங்க் எங்கே என்பதும் மட்டும்தான். யோக்மோக்குக்குச் சற்று முன் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை வரும். கரேசுவாண்டோவில் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பின்லாந்து, அப்புறம் கௌட்டோகெய்னோ, ஆல்ட்டா, நோர்ட்காப். நிதானமாகப் போனால் ஆறு நாள்.

இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மனியின் டிராவமுண்ட துறைமுகத்திலிருந்து பின்லாந்தின் ஹெல்சிங்கிக்குக் கப்பல், ஏறத்தாழ 30 மணி நேரம், நன்றாகத் தூங்கலாம். ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே ரோவனியேமி 800 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

ஆனால் தேதியைப் பாருங்கள். நீங்கள் கிளம்புவது சரியாக மிட்சம்மர் என்ற நடுக்கோடைத் திருவிழா நேரம். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை சுவீடனிலும் பின்லாந்திலும் ஊரே ஏரிக்கரைக்குப் போய்விடும், கடைகள் சீக்கிரம் மூடிவிடும், கேம்ப்பிங் இடங்கள் நிறைந்துவிடும். அந்த இரண்டு இரவுக்காவது முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ரெயின்டீர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வடக்கே போனால் அவை சாலையிலேயே நிற்கும், காற்று வீசும் திறந்த இடத்தில் பூச்சித் தொல்லை குறைவு என்பதால் வந்து நிற்கின்றன என்பார்கள். ஹாரன் அடித்தால் ஒதுங்காது, உங்களுக்கு முன்னாலேயே சாலையில் ஓடும், திடீரென்று குறுக்கே திரும்பும். ஒன்று கடந்தால் மற்றவையும் பின்னாலேயே வரும், அதனால் முதல் மான் போய்விட்டது என்று ஆக்சிலரேட்டரைத் திருகாதீர்கள். சாலையோரக் குச்சிகளில் கறுப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால் பக்கத்தில் மந்தை இருக்கிறது என்று எச்சரிக்கை, மந்தை மேய்க்கும் ‘சாமி’ என்ற வடபகுதிப் பழங்குடி மக்கள் கட்டி வைப்பது. அவை காட்டு மான்கள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, தவறி இடித்துவிட்டால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். தெற்கே மூஸ் மான் வேறு மாதிரி. குதிரையைவிட உயரம், கறுப்பு, அந்திப் பொழுதில் மரங்களுக்கு இடையிலிருந்து சத்தமில்லாமல் வரும். மாலை எட்டு மணிக்கு மேல் காட்டுச் சாலையில் நான் ஓட்டுவதில்லை, வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் சரி.

நோர்ட்காப் இருப்பது மாகெரோயா தீவில், கடைசியில் கடலுக்கு அடியில் போகும் ஏழு கிலோமீட்டர்ச் சுரங்கம், கடல் மட்டத்திலிருந்து 212 மீட்டர் கீழே இறங்கி ஏறும், உள்ளே குளிர் எலும்பு வரை போகும். மேலே 307 மீட்டர்ச் செங்குத்துப் பாறை. போன இரண்டு தடவையில் ஒரு தடவை பனிமூட்டத்தில் கம்பி வேலிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மறு தடவை நள்ளிரவு பன்னிரண்டரைக்குச் சூரியன் கடல் மேல் நின்றுகொண்டிருந்தது, சுற்றி நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது போதும்.

நீங்கள் செய்யக் கூடாதது ஒன்றுதான், நோர்ட்காப்பும் ஃபியோர்டும் ஒரே பயணத்தில். இரண்டில் ஒன்று.


புதுப்பாதை எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஹெல்மெட் கொக்கி அவிழ்த்த இடத்தைப் படித்தபோது எனக்கே வயிற்றில் என்னவோ செய்தது, ஏனென்றால் வார இறுதியில் ஓட்டும்போதும் நான்தான் முன்னால் போவேன், அவன் எப்போதும் பின்னால் எங்கேயோ வருவான். இதுவரை அவன் ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

நண்பனிடம் பேசிவிட்டு வழியை முடிவு செய்கிறேன். டென்ட் போடும் விதிகள் பற்றியும் சாமான் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? பெட்ரோல் அடுப்பு வாங்கலாமா? கொசு உண்மையிலேயே அவ்வளவு மோசமா?


கரையோரம் எழுதியது:

நானும் என் தோழியும் மூன்று கோடைகாலம் நார்வே, சுவீடனில் பைக்கில் டென்டோடு சுற்றியிருக்கிறோம். முதலில் சட்டம், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பாதி கேள்விப்பட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம் என்பது சரியல்ல. நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத திறந்தவெளியில் டென்ட் போடும் உரிமை எல்லோருக்கும் உண்டு, வெளிநாட்டவருக்கும் உண்டு. ஆனால் ஆள் இருக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் வேண்டுமானால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். மலை உச்சிப் பகுதிகளிலும் ஆளில்லாத தொலைவிலும் அந்த இரண்டு இரவு வரம்பு கிடையாது. புல் வெட்டும் வயல், தோட்டம், மேய்ச்சலுக்கு வேலி போட்ட இடம் எதிலும் போடக் கூடாது. சுவீடனில் உரிமை உண்டு, ஆனால் மீட்டர்க் கணக்கு கிடையாது, வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஓரிரு இரவு என்பதுதான் வழக்கம். பின்லாந்திலும் டென்ட் போடலாம், ஆனால் நெருப்பு மூட்ட நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். டென்மார்க்கில் இந்த உரிமையே கிடையாது, அதற்கென்று ஒதுக்கிய காட்டுப் பகுதிகளிலும் மரக் கொட்டகைகளிலும்தான் தங்கலாம். லோஃபோடன் மாதிரி கூட்டம் சேரும் இடங்களில் தடைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள், பலகை இருந்தால் உரிமை பேசாமல் நகர்ந்துவிட வேண்டும்.

இன்னும் ஒன்று, பைக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். இந்த உரிமை காலுக்குத்தான், சக்கரத்துக்கு இல்லை. சாலையை விட்டு இறங்கிப் புல்வெளியிலோ காட்டுக்குள்ளோ வண்டியை ஓட்டிக்கொண்டு போவது நார்வேயிலும் சுவீடனிலும் குற்றம். அங்கே ஒரு பாசிப் படுகையில் டயர் தடம் பதிந்தால் பல வருடம் ஆறாமல் கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன். வண்டியைச் சாலையோர நிறுத்தத்தில் விட்டுவிட்டு டென்டைத் தூக்கிக்கொண்டு நடங்கள். அதனால்தான் சாமான் குறைவாக இருக்க வேண்டும் என்கிறேன், இரண்டே நடையில் எல்லாம் போய்விட வேண்டும்.

நெருப்பு: நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் திறந்த நெருப்பு மூட்டத் தடை. அடுப்பைக்கூடக் காய்ந்த புல் மேல் வைக்காமல் பாறை மேல் வைத்துச் சமையுங்கள். சுவீடனில் வறட்சி வந்தால் அந்தந்த மாவட்டமே தடை போடும், தினமும் பார்க்க வேண்டும்.

அடுப்புக்கு வருகிறேன். பெட்ரோல் அடுப்புக்கு ஒரு வசதி, வண்டியில் இருப்பதையே அதிலும் ஊற்றலாம். ஆனால் பற்றவைக்கும்போது புகை கக்கும், அடைத்துக்கொண்டால் மழையில் பிரித்துத் துடைக்க வேண்டும். நாங்கள் சுவீடனின் டிராங்கியா ஸ்பிரிட் அடுப்புதான் வைத்திருக்கிறோம். உடைய அதில் ஒன்றுமே இல்லை, காற்றடித்தாலும் எரியும், சத்தமே கிடையாது. தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எரிபொருள் நார்வேயில் ரோட்ஸ்பிரிட் என்ற பெயரில் பெட்ரோல் பங்கிலும் மளிகைக் கடையிலும் கிடைக்கும். எது வாங்கினாலும் டென்டுக்குள் வைத்துச் சமைக்காதீர்கள், எவ்வளவு மழை பெய்தாலும் சரி.

டென்ட் ஒன்று போதுமா என்று கேட்டீர்கள். இரண்டு எடுத்துப் போங்கள். எடை கூடும், தெரியும். முதல் வருடம் நாங்கள் ஒன்றில்தான் படுத்தோம். ஐந்தாவது நாள் இரவு முழுக்க மழை, இரண்டு பேரின் ஈரச் சட்டையும் பூட்சும் காலடியில், அவள் தூங்கிவிட்டாள், எனக்குத் தூக்கம் வரவில்லை, அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் மேல் கோபப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவள் செய்த தவறு எதுவுமே இல்லை. மறுநாள் காலை அவளிடமே அதைச் சொன்னேன். அவளும் முந்தின இரவு அப்படித்தான் படுத்திருந்தாளாம். அடுத்த வருடத்திலிருந்து ஆளுக்கொரு டென்ட், பத்தடி தள்ளி. காலையில் ஒருவர் காபி போட்டுவிட்டு மற்றவர் டென்டைத் தட்டுவது இப்போது எங்களுக்கு நாளிலேயே நல்ல நேரம்.

கம்பத்தின் மேல் தானே நிற்கும் டென்டாகப் பாருங்கள், மேற்கு நார்வேயில் நிறைய இடத்தில் அரை அடி மண்ணுக்குக் கீழே பாறை, முளை இறங்காது, கல்லைக் கட்டித்தான் நிறுத்த வேண்டும். ஸ்லீப்பிங் பேகில் இரண்டு வெப்ப எண் போட்டிருக்கும், ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று. லிமிட் எண்ணைப் பார்த்து வாங்கிவிட்டு நடுங்குகிறவர்கள் நிறையப் பேர். கம்ஃபர்ட் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குளிர் பாதி தரையிலிருந்துதான் வருகிறது, அதனால் பாய் வாங்குவதில் பணத்தைக் குறைக்காதீர்கள்.

வண்டியை நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். ஒரு இரவு மழையில் மண் இளகி, சைடு ஸ்டாண்ட் சத்தமில்லாமல் இறங்கி, என் வண்டி தோழியின் டென்டுக்கு இரண்டு கை அகலம் தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான பிளாஸ்டிக் வட்டு எப்போதும் கைக்கெட்டும் பையில் இருக்கும். மேட்டு நிலத்தில் கியரில் போட்டு, டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக நிறுத்துகிறோம்.

கொசு? மேற்குக் கரையில் காற்று இருப்பதால் சமாளிக்கலாம். சுவீடனின் வடக்கும் பின்லாந்தின் வடக்கே இருக்கும் லாப்லாந்தும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்கக் கடினம். தலைக்கு வலை வாங்குங்கள், எடையே இருக்காது. நார்வேயில் க்னோட் என்று கொசுவைவிடச் சின்னதாக ஒன்று கடிக்கும், டென்ட் வலையின் கண் பெரிதாக இருந்தால் அதன் வழியாகவே உள்ளே வந்துவிடும். ஏரிக்கரை பார்க்க அழகு, படுக்க மோசம். கொஞ்சம் மேடான, காற்று படும் இடமாகத் தேடுங்கள்.

எல்லா இரவும் டென்ட்தான் என்று உறுதி எடுக்காதீர்கள். மழை மூன்றாம் நாளும் விடவில்லை என்றால் கேம்ப்பிங் இடத்தில் மரக் குடில் எடுத்துவிடுங்கள், நார்வேயில் ஹூட்ட என்பார்கள். இரண்டு கட்டில், ஒரு ஹீட்டர், சமைக்க ஒரு தட்டு அடுப்பு இருக்கும். இரண்டு பேர் பகிர்ந்தால் தாங்கும் செலவுதான். அந்த ஒரு இரவில் எல்லாம் காய்ந்துவிடும்.


நெடுவழி எழுதியது:

கரையோரம் அவர்கள் சொன்னதில் சேர்க்க அதிகம் இல்லை. வண்டி பற்றி மட்டும் சில.

கப்பலில் சைடு ஸ்டாண்டில், முதல் கியரில் நிறுத்துங்கள், சென்டர் ஸ்டாண்ட் வேண்டாம். பட்டையை இருக்கைக்குக் குறுக்கே போட்டு, அடியில் ஒரு கிளவுஸையோ துணியையோ வைத்து இறுக்குங்கள். கப்பலில் பட்டை கொடுப்பார்கள், சில சமயம் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், நான் சொந்தமாக இரண்டு வைத்திருக்கிறேன். ஃபியோர்டுப் படகுகளில் பைக்கை வழக்கமாக வரிசையின் முன்னால் வரச் சொல்லிக் கையசைப்பார்கள், சொன்னால் மட்டும் போங்கள். நார்வேயில் பெரும்பாலான சுங்கச் சாலைகளில் பைக்குக் கட்டணம் கிடையாது, படகுக்கு உண்டு. டென்மார்க்கிலிருந்து சுவீடன் போகும் ஓரெசுண்ட் பாலத்தில் கட்டணம் உண்டு, பக்கக் காற்றும் உண்டு.

பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், நான்கு நாட்டிலும் அதுதான் சட்டம். மது வரம்பு நார்வேயிலும் சுவீடனிலும் 0.2 புரோமில் (இரத்தத்தில் ஆயிரத்தில் 0.2 பங்கு), அதாவது முந்தின இரவு குடித்தது காலையில்கூட மிச்சம் இருக்கலாம்.

மழையில் ஓட்டினால் செயினில் எண்ணெய் நிற்காது, இரண்டு நாளுக்கு ஒரு தடவை சாயங்காலம் செயின் சூடாக இருக்கும்போதே அடித்துவிடுங்கள். மலைச்சாலையில் மாடு தாண்டாமல் இருக்கக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள், ஈரத்தில் வழுக்கும். நேராக, பிரேக் தொடாமல், சாயாமல் கடக்க வேண்டும். சுரங்கத்துக்குள் நுழையும் முன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். வெயில் நாளில் செம்மறி ஆடுகள் குளிர்ச்சிக்காக உள்ளே வந்து படுத்திருக்கும்.


புதுப்பாதை எழுதியது:

நேற்று மாலை நண்பனை வீட்டுக்கு வரச் சொல்லி இந்த உரையாடல் முழுவதையும் அவனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் படித்தான். பிறகு, நெடுஞ்சாலையில் நான் 130-இல் போகும்போது தனக்குத் தோளெல்லாம் இறுகிவிடும் என்றும், அதைச் சொன்னால் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்து இத்தனை நாள் சொல்லவில்லை என்றும் சொன்னான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நோர்ட்காப் என் ஆசைதான், அவனுடையது இல்லை என்பதும் நேற்றுதான் தெரிந்தது. அவனுக்குப் பார்க்க வேண்டியது அந்த அருவியும் பனிச்சுவரும்.

அதனால் மேற்கு நார்வே என்று முடிவு செய்துவிட்டோம். ஹிர்ட்ஸ்ஹால்ஸ் கப்பலில் ஜூன் 21 காலைக்கு இரண்டு பைக்குக்கும் இடம் போட்டுவிட்டேன். அதற்கு முன் ஒரு வார இறுதியில் சாமானையெல்லாம் ஏற்றி 150 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு இரவு டென்டில் படுத்துப் பார்க்கப் போகிறோம், அவன் முன்னால், நான் பின்னால். இரண்டாவது டென்டையும் அவனே தேடிக்கொண்டிருக்கிறான்.

துருவவெளிச்சம் அவர்களே, அடுத்த வருடம் ஈ45 பற்றித் தனியாகக் கேட்கிறேன், அப்போது விரிவாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம். சோக்னஃபியெல் கணவாயில் மேலேயே ஒரு இரவு டென்ட் போடலாம் என்று இருக்கிறோம். 1,400 மீட்டரில் ஜூன் கடைசியில் அது சரிவருமா?


கரையோரம் எழுதியது:

சட்டப்படி போடலாம். ஆனால் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், காற்றும் பலமாக இருக்கும், தரையில் பனியும் கிடக்கும். நார்வே வானிலை நிறுவனமும் அங்குள்ள அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ‘யூர்’ செயலியில் அந்தக் கணவாயின் பெயரையே போட்டு மணிவாரியாகப் பாருங்கள், கீழே இருக்கும் ஊரைப் போட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். காற்று நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் காட்டினால் மேலே நின்று காபி போட்டுக் குடித்துவிட்டு, லோம் பக்கம் இறங்கிப் பள்ளத்தாக்கில் படுங்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இறக்கம்தான்.